ஒரு கட்சி, இரண்டு வாக்கெடுப்புகள்

கனடாவின் இடதுசாரிக் கட்சியில் தன்பாலீர்ப்பு வேட்பாளர்கள் நடந்து வந்த பாதை

1994 ஜூன் 9. டொரன்டோவில் குயின்ஸ் பார்க் எனப்படும் ஒன்டாரியோ சட்டமன்றம். பார்வையாளர் மாடத்தில் உட்கார இடமில்லை. கீழே 167ஆம் எண் மசோதா வாக்கெடுப்புக்கு வந்திருந்தது. மாகாணத்தின் ஐம்பதுக்கும் மேற்பட்ட சட்டங்களில் ‘வாழ்க்கைத் துணை’ என்று வரும் இடங்களிலெல்லாம் தன்பாலின இணையரையும் சேர்க்க வேண்டும் என்பதுதான் மசோதா. ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, தத்தெடுப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். எண்ணி முடித்தபோது ஆதரவு 59, எதிர்ப்பு 68. மாடத்திலிருந்து ‘வெட்கம், வெட்கம்’ என்று கூச்சல் எழுந்தது. கூச்சலிட்டவர்களை வெளியேற்ற வந்த காவலர்கள் கையில் ரப்பர் கையுறை மாட்டியிருந்தார்கள். தொட்டால் எய்ட்ஸ் தொற்றிவிடும் என்ற பயம் அரசாங்கக் கட்டடத்துக்குள்ளேயே சீருடை போட்டுக்கொண்டு நடமாடிய காலம் அது.

மசோதாவைக் கொண்டுவந்தது என்.டி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் புதிய ஜனநாயகக் கட்சி. 1961-ல் தொழிற்சங்கங்களும் மேற்குச் சமவெளி விவசாயிகளின் பழைய சோஷலிஸ்ட் இயக்கமும் கைகோத்து உருவாக்கிய இடதுசாரிக் கட்சி இது. 1990 தேர்தலில் ஒன்டாரியோவின் 130 இடங்களில் 74-ஐ வென்று, பாப் ரே தலைமையில் ஆட்சிக்கு வந்திருந்தது. அந்தப் பலம் இருந்தும் மசோதா தோற்றது. கொறடா உத்தரவு பிறப்பிக்காமல், அவரவர் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று தலைமை விட்டுவிட்டது. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் 12 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். முன்பு ஆதரவு பேசிய லிபரல் தலைவரும் கடைசியில் பின்வாங்கினார். அட்டர்னி ஜெனரல் மேரியன் பாய்ட் முந்தைய நாள்தான் தத்தெடுப்பு உரிமையை விட்டுக்கொடுத்தாவது மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று முயன்று பார்த்திருந்தார். அதுவும் எடுபடவில்லை.

11 ஆண்டு கழித்து, 2005 ஜூன் 28 அன்று, தலைநகர் ஒட்டாவாவில் உள்ள கனடா நாடாளுமன்றத்தில் தன்பாலினத் திருமணச் சட்டம் 158க்கு 133 என்ற கணக்கில் நிறைவேறியது. ஆளுங்கட்சியான லிபரல்கள் தங்கள் பின்வரிசை உறுப்பினர்களை இஷ்டத்துக்கு விட்டிருந்தார்கள். அதே என்.டி.பி.யோ இம்முறை கொறடா உத்தரவு போட்டது. கட்சியின் 19 எம்.பி.க்களில் மீறியவர் ஒருவர்தான்: மானிட்டோபாவின் வடகோடித் தொகுதியான சர்ச்சிலைச் சேர்ந்த பெவ் டெஜார்லே. கட்சித் தலைவர் ஜாக் லேட்டன் அவரிடமிருந்த கட்சிப் பொறுப்புகளைப் பறித்தார். சில மாதங்களில் தொகுதிக் கட்சிக்காரர்களே வேட்பாளர் தேர்வில் அவரைத் தோற்கடித்து, நிக்கி ஆஷ்டனை நிறுத்தினார்கள். டெஜார்லே சுயேச்சையாக நின்றார், வாக்கு பிரிந்தது, 2006-ல் அந்த இடத்தை லிபரல்கள் தட்டிக்கொண்டு போனார்கள். கொள்கைக்காக ஒரு தொகுதியையே விலையாகக் கொடுத்தது கட்சி.

இந்த மாற்றத்துக்குக் காரணம் சொல்லும்போது காலம் மாறிவிட்டது, நீதிமன்றங்கள் வழிகாட்டின என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். பொய்யில்லை. ஆனால் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. 1994-ல் ஒன்டாரியோ அவையில், எந்தக் கட்சி வரிசையிலும், தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 2005-ல் என்.டி.பி.யின் அவை முன்னவராக இருந்து, எந்த மசோதாவுக்குக் கட்சி எப்படி நிற்கும் என்பதை அன்றாடம் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தவர் லிபி டேவிஸ், ஒரு லெஸ்பியன். பக்கத்து நாற்காலிக்காரரின் வாழ்க்கையை மனசாட்சி வாக்குக்கு விடுவது அவ்வளவு சுலபமில்லை.

சாஸ்கட்டூனில் ஒரு விளம்பரம்

கதை 1975-லிருந்து தொடங்க வேண்டும். சாஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் மேற்படிப்பு மாணவர் டக்ளஸ் வில்சன், மாணவர் பத்திரிகையில் ஒரு சின்ன விளம்பரம் கொடுத்தார். பல்கலைக்கழகத்தில் உள்ள தன்பாலீர்ப்பாளர்கள் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைக்கலாமா என்பதுதான் விஷயம். பயிற்சி ஆசிரியர்களை மேற்பார்வையிடப் பள்ளிகளுக்குப் போகும் வேலை அவருடையது. விளம்பரத்தைப் பார்த்த கல்லூரித் தலைமை, இனி பள்ளிக்கூடப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டது. வில்சன் மாகாண மனித உரிமை ஆணையத்துக்குப் போனார். விவகாரம் நீதிமன்றம் ஏறியது. சட்டத்தில் பாலினப் பாகுபாடு என்று இருப்பது பாலீர்ப்பைக் குறிக்காது என்று தீர்ப்பு வந்தது.

அப்போது சாஸ்கச்சுவானை ஆண்டது யார்? என்.டி.பி.தான். ஆலன் பிளேக்னியின் அரசு. கனடாவுக்கே பொது மருத்துவக் காப்பீட்டைக் கற்றுக்கொடுத்த மாகாணம், சட்டத்தில் ஒரு சொல்லைச் சேர்க்க 1993 வரை காத்திருந்தது. க்யூபெக் அதை 1977-லேயே செய்துவிட்டது. இடதுசாரிக் கட்சி என்றாலே இந்த விஷயத்தில் முன்னே நிற்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். சமவெளி சோஷலிசத்தின் வேரில் தேவாலயமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை கூட்டுறவுச் சங்கக் கூட்டத்துக்குப் போகும் மனிதர்கள் கட்டிய கட்சி. அவர்களை இழக்க யாருக்கும் துணிவில்லை.

வில்சன் பின்னர் டொரன்டோவுக்குக் குடிபெயர்ந்தார். 1988 பொதுத் தேர்தலில் ரோஸ்டேல் தொகுதியின் என்.டி.பி. வேட்பாளர் அவர். தான் யார் என்பதை ஊரறியச் சொல்லிவிட்டு, ஒரு பெரிய கட்சியின் சீட்டில் கனடா நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்ட முதல் தன்பாலீர்ப்பாளர் என்று அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். பெயருக்குத்தான் ரோஸ்டேல் பணக்காரத் தொகுதி. மாளிகைகளைத் தாண்டி நடந்தால் சர்ச் தெருவின் கே குடியிருப்பு, இன்னொரு பக்கம் செயின்ட் ஜேம்ஸ் டவுனின் அடுக்குமாடிகள். இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழர்கள் பலர் கனடாவில் முதலில் கதவு தட்டிய கட்டடங்கள் அவை. பிரசாரத்தின் நடுவில் வில்சனுக்கு எய்ட்ஸ் இருப்பது உறுதியானது. விலகவில்லை. மூன்றாம் இடம்தான் கிடைத்தது. 1992-ல் இறந்துபோனார்.

அவரைப் பள்ளிக்கூடப் படி ஏறக் கூடாது என்று சொன்ன அதே சாஸ்கட்டூன் நகரத்தின் மேற்குத் தொகுதி, 2015-ல் ஷெரி பென்சன் என்ற லெஸ்பியனை என்.டி.பி. எம்.பி.யாக ஒட்டாவாவுக்கு அனுப்பியது.

ராபின்சன்

இந்த வரலாற்றை ஒரே ஆளின் தோளில் ஏற்றக் கூடாதுதான். ஆனால் ஸ்வெண்ட் ராபின்சன் விஷயத்தில் கை தானாக அங்கேதான் போகிறது.

1979-ல் வான்கூவரை ஒட்டிய பர்னபியில் வென்றபோது அவருக்கு வயது 27. வழக்கறிஞர், வாய் அடங்காதவர், கட்சித் தலைமைக்கு அடிக்கடி தலைவலி. புதிய அரசியல் சாசனத்தை அலசிய கூட்டுக் குழுவில் இடம் பிடித்து, உரிமைகள் சாசனத்தின் சமத்துவப் பிரிவில் பாலீர்ப்பையும் சேர்க்க வேண்டும் என்று 1981-ல் திருத்தம் கொண்டுவந்தார். குழு அதைப் பெரும்பான்மையால் தள்ளிவிட்டது. 1985-ல் சமத்துவ உரிமைகள் பற்றிய இன்னொரு குழு, எல்லாக் கட்சியினரும் ஒருமனதாக, பாலீர்ப்பை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. அதிலும் அவர் இருந்தார். இவ்வளவுக்கும் அதுவரை தன்னைப் பற்றிப் பொதுவெளியில் சொல்லவில்லை.

1988 பிப்ரவரி 29 இரவு சி.பி.சி. தொலைக்காட்சியில் சொன்னார். கனடா நாடாளுமன்றத்தில் அப்படிச் சொன்ன முதல் உறுப்பினர். பர்னபி அலுவலகத்தின் கண்ணாடி உடைந்தது. சாஸ்கச்சுவானின் கன்சர்வேடிவ் முதல்வர் கிராண்ட் டிவைன், தன்பாலீர்ப்பாளர்களை வங்கிக் கொள்ளையர்களோடு ஒப்பிட்டுப் பேசினார். கட்சித் தலைவர் எட் பிராட்பென்ட் ராபின்சனைக் கைவிடவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தேர்தல் வந்தது, பர்னபி மறுபடியும் அவரையே அனுப்பியது. 1993-ல் நாடு முழுக்கக் கட்சி மண்ணைக் கவ்வி ஒன்பதே இடங்களோடு நின்றபோதும், அந்த ஒன்பதில் அவர் ஒருவர். மொத்தம் ஏழு முறை வென்றார், அதில் நான்கு அந்தத் தொலைக்காட்சி இரவுக்குப் பிறகு.

இங்கேதான் கட்சிக் கணக்குப்பிள்ளைகளின் வாய் அடைத்தது. ‘எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் ஜனங்கள் ஓட்டுப் போட மாட்டார்களே’ என்பதுதான் எல்லா நாட்டிலும் எல்லாக் கட்சியிலும் சொல்லப்படும் நாசூக்கான மறுப்பு. வாக்குப்பெட்டி நான்கு முறை பதில் சொன்ன பிறகு அந்தச் சாக்கு செல்லாக்காசாகிவிட்டது. மேல்தட்டு மாளிகைத் தொகுதியிலோ கே குடியிருப்பிலோ கிடைத்த பதில் அல்ல. பர்னபி என்பது சாதாரணக் குடும்பங்கள் வாழும் புறநகர்.

1995-ல் கட்சித் தலைவர் பதவிக்கு நின்றார். ஒட்டாவா மாநாட்டில் முதல் சுற்றில் அவருக்குத்தான் முதலிடம். மூன்றாவதாக வந்தவரின் வாக்குகள் அலெக்ஸா மெக்டோனாவுக்குத்தான் போகும் என்று கணக்குப் போட்டு, இரண்டாம் சுற்றுக்கு முன்பே விலகி, தலைமையை அவரிடம் விட்டுக்கொடுத்தார். ஒற்றுமைக்காக என்றார். கடைசிவரை நிற்கவில்லையே என்று அவருடைய ஆதரவாளர்களில் பலருக்கு ஆத்திரம்.

முடிவு சோகமானது, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. வெறுப்புப் பிரசாரத் தடைச் சட்டத்தில் பாலீர்ப்பையும் சேர்க்கும் அவருடைய தனிநபர் மசோதா 2004 ஏப்ரலில் சட்டமானது. அதே மாதம், ஏலக்கூடத்தில் விலையுயர்ந்த மோதிரம் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டதைத் தானே போலீஸில் ஒப்புக்கொண்டு, அரசியலிலிருந்து ஒதுங்கினார். அவருடைய தொகுதி அலுவலகத்தில் பணியாற்றிய பில் சிக்ஸே அந்த ஆண்டுத் தேர்தலில் பர்னபியில் நின்று வென்றார். ஏற்கெனவே பதவியில் இல்லாமல், தன்னை மறைக்காமல் நின்று, நாடாளுமன்றம் போன முதல் கே அவர்தான். வாரிசுரிமை என்று கேலி செய்யலாம். ஆனால் ஒரு அலுவலகத்தில் பல வருடம் பென்ஷன் மனு, குடியேற்ற மனு பார்த்துக் கொடுத்த ஊழியர்களால்தான் தொகுதி கட்சியின் கையில் நிலைக்கிறது. 2006-லும் 2019-லும் ராபின்சன் மீண்டும் நின்று பார்த்தார், இரண்டு முறையும் தோல்வி.

பாதிரியார், பஸ் டிரைவர், பட எடுப்பாளர்

பிரிட்டிஷ் கொலம்பியாவில் டிம் ஸ்டீவன்சன் யுனைட்டட் சர்ச்சின் பாதிரியார். கே என்பதை மறைக்காமலே குருப்பட்டம் வாங்கியவர். 1996-ல் என்.டி.பி. சார்பில் மாகாணச் சட்டமன்றம் போனார். 2000-ல் உஜ்ஜல் தோசாஞ்ச் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். கனடாவின் முதல் வெளிப்படையான கே அமைச்சருக்குப் பதவி கொடுத்தவர், கனடாவின் முதல் இந்திய வம்சாவளி முதல்வர். 2005-ல் வான்கூவர்-பரார்ட் தொகுதியில் ஸ்டீவன்சன் மறுபடி நின்றபோது எதிரணி லிபரல் வேட்பாளரும் கே. மறு எண்ணிக்கைக்குப் பிறகு ஸ்டீவன்சன் தோற்றது 11 வாக்கில்.

அதே மாகாணத்தில் 2009-ல் வென்ற மேபிள் எல்மோர் பஸ் ஓட்டியவர், தொழிற்சங்கக்காரர், பிலிப்பினோ வம்சாவளியில் முதல் உறுப்பினர், லெஸ்பியன். நியூஃபவுண்ட்லாந்தின் ஜெர்ரி ராஜர்ஸ் தன் மார்பகப் புற்றுநோயையே ஆவணப்படமாக எடுத்தவர், பின்னர் அந்த மாகாணத்தில் கட்சியின் தலைவரானார். ஒன்டாரியோவின் செரி டிநோவோ மத குரு. 2001-ல் ஒரு தன்பாலினத் திருமணத்தை நடத்திவைத்துப் பதிவும் செய்துவிட்டவர். பிறகு மாகாணச் சட்டமன்ற உறுப்பினராகி, பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் ‘மாற்றுச் சிகிச்சை’ என்ற பெயரில் பிள்ளைகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2015-ல் கொண்டுவந்தார். அப்போது அவர் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவர் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. 2005 செப்டம்பரில் நியூ பிரன்சுவிக் என்.டி.பி. அலிசன் புரூவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. கனடாவில் ஒரு கட்சிக்குத் தலைமையேற்ற முதல் வெளிப்படையான லெஸ்பியன். கருக்கலைப்பு மருத்துவமனையை நடத்தியவர். பத்திரிகைகள் பெரும்பாலும் அவரை அந்த இரண்டு அடைமொழிகளோடுதான் எழுதின.  ஜோவானா எவரிட், மைக்கேல் கேம்ப் என்ற இரு ஆய்வாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். 2006 தேர்தலில் கட்சிக்கு ஒரு இடமும் இல்லை, அவரும் ஜெயிக்கவில்லை, பதவி விலகினார். சின்னக் கட்சி, காசில்லாத கட்சி, எப்படியும் தோற்றிருக்கும் என்பார்கள். இருக்கலாம். ஜெயிக்க வாய்ப்பில்லாத வேளையில்தான் இப்படிப்பட்டவர்களிடம் தலைமை வந்து சேர்கிறது என்பதும் கூடவே உண்மை.

க்யூபெக்கில் என்.டி.பி.க்கு மாகாண அளவில் செல்வாக்கு கிடையாது. அங்கே இடதுசாரி என்றால் 2006-ல் தோன்றிய க்யூபெக் சொலிடேர். அதன் மனோன் மாஸே 2014-ல் மான்ட்ரியாலின் கே குடியிருப்பை உள்ளடக்கிய தொகுதியில் 91 வாக்கில் வென்றார். அவருடைய தேர்தல் சுவரொட்டியைப் பற்றி ஊரே பேசியது. மேலுதட்டில் மீசை ரோமம் தெளிவாகத் தெரியும்படி இருந்தது முகம். மழிக்கவுமில்லை, படத்தைத் திருத்தவுமில்லை. 2018-ல் அதே முகத்தோடு தலைவர்கள் விவாத மேடையில் நின்றார். கட்சிக்குப் பத்து இடம் கிடைத்தது.

சீட் யார் கையில்?

கனடாவில் வேட்பாளர் என்பவர் பெரும்பாலும் தொகுதிக் கட்சி உறுப்பினர்கள் கூடி வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் மடக்கு நாற்காலி போட்டு நடக்கும் கூட்டம். யார் அதிகம் பேரை உறுப்பினராகச் சேர்த்து, அந்த இரவு காரில் ஏற்றிக்கொண்டு வருகிறாரோ அவர் ஜெயிப்பார். உறவுக்கூட்டம், மதக்கூட்டம் பின்னால் இருப்பவருக்கு இது லாபம். வீட்டாரே ஒதுக்கிவைத்த ஒருவருக்கு ஆள் எங்கிருந்து வரும்?

என்.டி.பி. இதற்கு ஒரு வழி செய்தது. பெண்கள், பூர்வகுடியினர், இனச் சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், பால்புதுமையினர் ஆகியோரில் வேட்பாளரைத் தேடிப் பார்த்தோம் என்று காட்டாமல் தொகுதிக் கட்சி தேர்வுக் கூட்டமே நடத்த முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியா கிளை இன்னும் ஒரு படி மேலே போய், ஆண் உறுப்பினர் ஓய்வுபெறும் தொகுதியை இந்தப் பிரிவினருக்கே ஒதுக்கியது. விதி நல்லதுதான், ஆனால் அதற்குள்ளும் ஒரு முள் இருந்தது. 2017 தேர்தலுக்கு முன் ஒரு சிறுநகர மேயர் இந்த ஒதுக்கீட்டில் சீட் கேட்டபோது, எந்தப் பிரிவில் கேட்கிறீர்கள் என்ற கேள்வி பொதுவெளிக்கு வந்துவிட்டது. விருப்பமிருந்தால் சொல்லலாம் என்று போராடிப் பெற்ற விஷயம், தகுதிச் சான்றிதழ்போலக் காட்ட வேண்டியதாகிவிட்டது. இதற்கு இதுவரை யாரும் சரியான தீர்வு கண்டதாகத் தெரியவில்லை.

தொழிற்சங்கங்களின் பங்கு பேசப்படுவதே குறைவு. அரசு ஊழியர் சங்கமான க்யூப், தன் சொந்த ஊழியர்களின் தன்பாலின இணையர்களுக்கும் ஓய்வூதியம் கொடுக்க முடிவெடுத்தது. வரித்துறை அந்தத் திட்டத்தைப் பதிவு செய்ய மறுக்க, வழக்குப் போட்டு 1998-ல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தது. 2015-ல் ஆல்பர்ட்டாவில் 44 ஆண்டு கன்சர்வேடிவ் ஆட்சியை என்.டி.பி.யின் ரேச்சல் நாட்லி முடித்துவைத்தபோது உள்ளே வந்த ரிக்கார்டோ மிராண்டா, நிகராகுவாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்துப் பிள்ளை, க்யூப் சங்கத்தில் வேலை பார்த்தவர். மறு ஆண்டு அந்த மாகாணத்தின் முதல் கே அமைச்சர்.

ஒரு விஷயத்தில் மட்டும் இடதுசாரிகள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். கனடாவின் முதல் லெஸ்பியன் முதல்வர் கேத்லீன் வின் லிபரல். முதல் கே முதல்வர், பிரின்ஸ் எட்வர்ட் தீவின் வேட் மெக்லாக்லன், அவரும் லிபரல். 167ஆம் மசோதா கொடுக்க முடியாததை 1999-ல் கொடுத்தது மைக் ஹாரிஸின் கன்சர்வேடிவ் அரசு, அதுவும் உச்ச நீதிமன்றம் கட்டாயப்படுத்தியதால். மனமில்லாமல் செய்கிறோம் என்பது தெரிய வேண்டும் என்று, சட்டத்தின் பெயரிலேயே ‘உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் காரணமாக’ என்று சேர்த்துக்கொண்டார்கள். முறைப்பாட்டையே தலைப்பாக்கிய சட்டம் வேறெங்காவது உண்டா தெரியாது.

ஏழு பேர்

2011 தேர்தலை ஈழத்தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்கார்பரோவில் ராதிகா சிற்சபேசன் வென்று கனடாவின் முதல் தமிழ் எம்.பி. ஆனார். என்.டி.பி.யின் ‘ஆரஞ்சு அலை’ எனப்பட்ட அந்தத் தேர்தலில் கட்சிக்கு 103 இடம். லிபி டேவிஸோடு, வெளிப்படையான கே உறுப்பினர்களாக ராண்டல் கேரிசன், பிலிப் டூன், டேனி மோரின் ஆகியோரும் உள்ளே வந்தார்கள். லேட்டன் இறந்தபின் அவருடைய தொகுதியில் 2012 இடைத்தேர்தலில் வென்ற கிரெய்க் ஸ்காட்டும் சேர்ந்தார். கேரிசன் திருநர் உரிமை மசோதாவை 2013-ல் மக்களவையில் நிறைவேற்றிக்காட்டினார். செனட் அதைக் கிடப்பில் போட்டுக் கொன்றது. 2017-ல் லிபரல் அரசு தன் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றியது.

2025 ஏப்ரல் தேர்தலில் கேரிசன் நிற்கவில்லை. எட்மன்டனின் பிளேக் டெஜார்லே, பூர்வகுடியினரின் பால்புதுமை அடையாளமான ‘இரட்டை ஆன்மாவினர்’ என்று தன்னை அறிவித்துக்கொண்ட மெட்டி இளைஞர், தோற்றார். தலைவர் ஜக்மீத் சிங்கே சொந்தத் தொகுதியை இழந்தார். கட்சிக்கு மிஞ்சியது ஏழு இடம். அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்ற தகுதிக்குப் பன்னிரண்டு வேண்டும். அது இல்லாவிட்டால் அவைக்குள் ஆய்வு அலுவலகத்துக்கான பணம் நிற்கும், கேள்வி நேரத்தில் பங்கு சுருங்கும், குழுக்களில் வாக்குரிமையோடு உட்கார இடம் கிடைக்காது. ராபின்சன் 1981-ல் தோற்ற அந்தத் திருத்தத்தை முன்மொழிந்ததும், 1985-ல் எல்லாக் கட்சியையும் ஒரே பக்கம் கையெழுத்துப் போடவைத்ததும் குழு அறைகளில்தான்.